குளிர்பெட்டியில் வைத்த பிராந்தி

பார் தொழிலில் உலவும் கதைகளில் பாதி குடித்தவர் சொன்னவை. மீதி ஊற்றிக் கொடுத்தவர் சொன்னவை. ஒருவருடைய வேலையும் நற்பெயரும் பற்றி எழுதும்போது அவற்றை நம்புவது முறையன்று. ஆகவே என் கண்ணால் கண்டதையும், அன்றே என் குறிப்பேட்டில் எழுதிவைத்ததையும் மட்டுமே இங்குத் தருகிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் புதுவை நகரில் ஓர் உணவகத்தின் பாரில் மேற்பார்வையாளனாக இருந்தேன். வியாழக்கிழமைகளில் கூட்டம் குறைவு. எனவே மாதம் ஒரு வியாழன் மாலையில் அறிவியல் பேச்சு நடத்த முதலாளி இசைந்தார். அவர் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல், முசியே என்றே அழைப்பர்.

மூன்றாவது பேச்சு, மதுவின் வலிமையை அளப்பது பற்றியது. பேச வந்தவர் ஒரு கல்லூரியின் வேதியியல் விரிவுரையாளர். நண்பகலிலேயே வந்து, உயரமான கண்ணாடிக் குடுவை ஒன்றைப் பார்மேன் முருகையனிடம் கொடுத்து, திறந்த பிராந்திப் புட்டி ஒன்றையும் எடுத்து வைக்கச் சொல்லிப் போனார். முருகையன் இரண்டையும் பியர் குளிரும் பெட்டியில் வைத்தார். விருந்தினர் முன் வைக்கும் எதுவும் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பாரின் வழக்கம். அதை ஏற்படுத்தியவன் நான்.

மாலையில் விரிவுரையாளர் பிராந்தியைக் குடுவையில் ஊற்றி, திரவமானி என்னும் கண்ணாடி மிதவையை அதில் இட்டார். புட்டியில் ஒட்டிய சீட்டில் இருந்த வலிமை நூற்றுக்கு நாற்பத்திரண்டு புள்ளி எட்டு. மிதவை காட்டியது முப்பத்தெட்டுக்கும் குறைவு.

"அதான் மூணு பெக் போட்டும் ஏறல," என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தனர்.

முதலாளி சிரிக்கவில்லை. புட்டியையும் குடுவையையும் எடுத்துச் சென்று, இருந்ததையெல்லாம் தொட்டியில் கொட்டினார்.

"முருகையா, நாளைலேருந்து வராத."

"நா கலக்கல முசியே."

"அப்ப தண்ணி தானா நடந்து வந்து உள்ள பூந்துச்சா?"

தண்ணீர் கலந்தான் என்று வெளியேற்றப்பட்ட பார்மேனை ஊரில் வேறெந்தப் பாரும் சேர்த்துக்கொள்ளாது. முருகையன் கைத்துணியை மடித்துக் கல்லாவின்மேல் வைத்தார். நான் விரிவுரையாளரிடம் சென்றேன்.

"சார், சீல் ஒடைக்காதது ஒண்ணு பாத்துடலாமா?"

காலிக் குடுவையைத் திரும்பக் கொண்டுவந்து, அதே வகைப் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்தேன். முன்வரிசைக்காரரே முத்திரையை உடைத்தார். குடுவையில் ஊற்றியதும் மிதவை நாற்பத்தாறு காட்டியது.

"கம்பெனிக்காரன் ஏமாந்துட்டான்யா. கூட ஊத்திட்டான்," என்றார் அவர்.

விரிவுரையாளர் குடுவையைத் தொட்டுப் பார்த்தார்.

"மொத பாட்டில் எங்கப்பா இருந்துச்சு?"

"பியர் பொட்டில சார். மத்தியானத்துலருந்து," என்றார் முருகையன்.

"ஏன்?"

"ஆளுங்க முன்னாடி வக்கிறதாச்சே சார்."

விரிவுரையாளர் அவையை நோக்கித் திரும்பினார். அந்த மிதவையின் கோடுகள் இருபது பாகை வெப்பநிலைக்கு வரையப்பட்டவை. குளிர்ந்த மது அடர்ந்து மிதவையை மேலே தூக்கும், வலிமை குறைந்ததுபோல் தோன்றும். நம் ஊர் வெக்கையில் அதற்கு நேர்மாறாக நடக்கும் என்று விளக்கினார். "தப்பு என்னுதுங்க. தெர்மாமீட்டர் எடுத்துட்டு வரல," என்றார். பின்னர்ப் புதிய புட்டியையும் குடுவையையும் அதே பெட்டியில் வைக்கச் சொன்னார். இரண்டு மணிநேரம் எவரும் எழுந்து போகவில்லை. திரும்ப அளந்தபோது மிதவை முப்பத்தெட்டில் நின்றது.

முதலாளி குனிந்து மிதவையின் கோட்டைத் தாமே படித்துப் பார்த்தார்.

"முருகையா, நாளைக்குச் சரக்கு வருது. சீக்கிரம் வந்துடு."

"சரிங்க முசியே."

அதன்பின் முருகையன் ஆறாண்டுகள் எங்களுடன் பணியாற்றினார். அளவு காட்டும் எண்ணை நம்புமுன், அளக்கப்பட்ட பொருள் அதுவரை எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருவோர்க்கு நான் சொல்லக்கூடியது இதுவே.

தெரியாதது ஒன்று உண்டு. குளிர் எவ்வளவு குறைத்துக் காட்டும் என்பதைத்தான் இரண்டாம் புட்டி மெய்ப்பித்தது. முதற் புட்டியில் என்ன இருந்தது என்பதை அது மெய்ப்பிக்கவில்லை. அது திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் உட்பட நால்வர் அதைக் கையாண்டோம். அளந்து பார்க்க அதில் ஒரு துளியும் எஞ்சவில்லை. முருகையன் தண்ணீர் கலக்கவில்லை என்று நம்புகிறேன். அறியேன்.