மூன்றே ஸ்டாப்

விசில் என்று எல்லோரும் கூப்பிடும் அவன் என் சின்னம்மாவின் கடைசி மகன். எனக்குத் தம்பி முறை. பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதினான். ஒன்று ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். மனைவி கண்ணை மூடிய அன்றைக்கும் அவன் வண்டியில்தான் இருந்தான். அவள் அண்ணன் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன். வாய் கொஞ்சம் நீளம். பிணத்தை நடுவில் போட்டுக்கொண்டு, "டூட்டி டூட்டின்னு ஓடினியே மாப்ளே, இப்ப யாருக்கு டிக்கெட் கிழிக்கப்போற?" என்று கேட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அந்த வார்த்தை இவன் காதை விட்டு இறங்கவில்லை.

தாய் போனபின் ஒரே மகள் பதினொரு வயதில் விளையாட்டு விடுதிக்குப் போனாள். வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பான். அவள் ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை. எப்போது ஓடினாலும் இவனுக்கு டூட்டி. பெரிய நகரத்தில் பல நாட்டுக்காரர்கள் கூடும் போட்டி வந்தது. மகள் போன் செய்தாள். "ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல, இந்தத் தடவை சாக்குச் சொல்ல முடியாது. உங்களுக்கும் மாமாவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டுக்கு டிக்கெட் அனுப்புறேன். இதுதான் என் கடைசி ஓட்டம்ப்பா. முட்டி தாங்கல."

எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. அந்த மச்சானின் வீடு அதே நகரத்தில் இருந்தது. அவரே ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். இவன் கேட்கவில்லை. நகரத்து கண்டக்டர் ஒருவரிடம் ஸ்டாப் பெயர்களை வரிசையாக எழுதிய தாளை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"லாட்ஜ்லேருந்து மைதானம் மூணே ஸ்டாப்க்கா. மச்சான் வீடு இருபத்தெட்டு."

"எத்தனையா இருந்தா என்னடா? அவர் உறவு இல்லையா?"

"அங்க படுத்தா எனக்குத் தூக்கம் வராதுக்கா."

முதல்நாள் மாலை போய்ச் சேர்ந்தான். ஒரு கட்டில், இரண்டு தலையணை. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். லாட்ஜ் முழுக்க முகத்தில் வண்ணம் பூசிய கூட்டம், பத்துப் பேர் பத்துப் பேராக. இவன் ஒருத்தன்தான் தனி. இரண்டாவது தலையணையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படுத்ததாகச் சொன்னான்.

காலையில் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஸ்டாப்பில் நின்றான். அரை மணி நேரமாக ஒரு வண்டியும் இல்லை. லாட்ஜ்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "போட்டி முடியற வரைக்கும் இந்த ரோட்டுல பஸ் வராதுங்க. அடைச்சிட்டாங்க."

"போகட்டும், மூணு ஸ்டாப்தானே" என்று நடந்தான். நம் பக்கத்தில் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூப்பிடு தூரம். அவன் கையில் இருந்ததோ எக்ஸ்பிரஸ் வண்டியின் தாள். நடுவில் நிற்காத இடங்களை அதில் யார் எழுதுவார்கள்? ஊருக்கெல்லாம் வழி சொன்ன கண்டக்டருக்கு அது தோன்றவில்லை. மேம்பாலம் ஏறி இறங்கி, ஒரு தண்ணீர்க் கடைக்காரரிடம் கேட்டான்.

"அடுத்த ஸ்டாப் எங்கப்பா?"

"இன்னொரு பாலம் வரும் பெரியவரே. அதைத் தாண்டிட்டுக் கேளுங்க."

மைதானத்தின் வாசலுக்கு வந்தபோது உள்ளே பெரிய ஆரவாரம். சட்டை பிழிந்தால் வடியும். டிக்கெட்டில் போட்டிருந்த ஏழாம் நம்பர் வாசலைத் தேடி, சோதனை முடிந்து படியேறினால், ஓட்டம் முடிந்து ஓடுபாதை வெறுமையாகக் கிடந்தது. மகள் நான்காவதாக வந்திருந்தாள்.

"வெளியில நின்னப்ப கேட்ட சத்தத்துல நம்ம புள்ளைக்கு எவ்வளவுன்னு தெரியலைக்கா" என்றான் பிறகு போனில் என்னிடம்.

மேல் வரிசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் துண்டு. நம்பர் போட்ட இருக்கைதான், ஆனாலும் யாரையும் அண்டவிடாமல் இரண்டு பேரோடு சண்டை போட்டிருக்கிறார். துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை வாழ்நாளெல்லாம் திட்டியவன் அந்தத் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தான்.

"என்ன மாப்ளே, இன்னிக்குமா டூட்டி?" என்று ஆரம்பித்தவர், இவன் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பின்வாசலில் வீரர்களின் பஸ் நின்றது. மகள் கதவருகில் வந்தாள், முட்டியில் கட்டோடு.

"எங்கப்பா உக்காந்திருந்தீங்க? ஒவ்வொரு சுத்துலயும் பார்த்தேன். மாமா பக்கத்துல துண்டுதான் தெரிஞ்சுது."

"வெளியில நின்னுட்டேன்மா."

அவன் காலைப் பார்த்தாள். செருப்பு வார் அறுந்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "மாமா வீட்டுல தங்கியிருக்கலாம்லப்பா," என்றாள். அதற்குள் உள்ளே இருந்து கூப்பிட்டார்கள். ஏறிவிட்டாள்.

வண்டி கிளம்பாமல் நின்றது. வாசல் பக்கம் பார்க்க ஆளில்லை போல. கை பழக்கத்தில் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றான். டிரைவர் எடுத்துவிட்டார்.

"இப்பவாவது வீட்டுக்கு வா மாப்ளே," என்றார் மச்சான்.

"பை அங்க கிடக்கு மச்சான். எடுத்துட்டு நாளைக்கு வர்றேன்."

மறுநாள் காலை அவன் போனது மச்சான் வீட்டுக்கு அல்ல, ரயிலுக்கு. ரயிலில் இருந்துதான் எனக்குப் போன் செய்தான்.

"நேத்து திரும்பியும் நடந்தேவா போன?" என்று கேட்டேன்.

"பக்கம்தான்க்கா," என்றான். "மூணு ஸ்டாப்."