மாமியின் சூப்பும் அறுநூற்று முப்பத்தைந்தும்

என் மாமியாருக்கு எதையும் புரட்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. சட்டையை உள்பக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்து, நூல் தொங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்கு வந்தாலும் அதே கதைதான். பிஸ்கட்டோ சிப்ஸோ, முதலில் பின்பக்கம். பொடி எழுத்துக்கென்றே கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி.

"அறுநூத்தி முப்பத்தொண்ணு போட்டிருக்கான். ருசிக்குப் போடற உப்போட நம்பர். பன்னியிலேருந்தும் எடுப்பாங்க, மீன்லேருந்தும் எடுப்பாங்க, கிழங்குலேருந்தும் எடுப்பாங்க. எதுலேருந்துன்னு எழுதல பாரு. கம்பெனிக்குப் போன் போடு."

போன் போடுவது நான். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடும் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மாமிக்கு இன்னொரு பெருமை அவருடைய சூப். "கைமணம்னா இது!" என்பார் மாமனார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நானும் அதே கோழி, அதே கேரட், அதே அடுப்பில்தான் வைக்கிறேன். என் சூப்பைக் குடித்துவிட்டு என் கணவர், "நல்லா சூடா இருக்கு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திடீரென்று மாமி சூப் வைப்பதை நிறுத்தினார். கை வலியாம். ஒருநாள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"கூட வேலை பார்க்கிற ஒருத்தி கேட்கிறா. சூப்புல ஏதோ பொடி போடுவாளாம். வீட்டுல யாரும் பார்த்துடக் கூடாதுன்னு கடை வாசல்லயே பாக்கெட்டைக் கிழிச்சு டப்பாவுல கொட்டிடுவாளாம். பின்பக்கத்தைப் படிச்சதே இல்லையாம். இப்பத்தான் படிச்சாளாம். அறுநூத்தி முப்பத்தஞ்சு. அதுக்குள்ள முப்பத்தொண்ணும் இருக்கு."

அந்த ஒருத்தி யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஆனால் மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எத்தனை வருஷமா புருஷன் பிள்ளைக்கெல்லாம் ஊத்திக் கொடுத்திருக்கா. ஹராமா இருந்தா அவ என்ன பண்ணுவா?" என் கும்மாளம் அதோடு நின்றது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். "இப்ப மரவள்ளிக் கிழங்கு மாவுலேருந்து தயாரிக்கிறதுதான் மேடம். ஹலால் சான்று இருக்கு" என்றாள் போனை எடுத்த பெண். முன்பு? முன்பு வேறு இடத்தில் வாங்கினார்களாம், அந்த விவரம் அவளிடம் இல்லையாம்.

மாமியின் முகம் பாதிதான் தெளிந்தது. "பழசுக்குப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத்தான் கேட்கணும். அவர் போன் நம்பர் உன் புருஷன்கிட்ட இருக்கு. நீ போட்டதாக் கேளேன்."

"நானா? ஏன் மாமி?"

"சமையல்ல கெட்டுப்போறதுக்கு உனக்கு என்னம்மா பேரு இருக்கு?"

இருந்தாலும் சாப்பாட்டு மேசையில், நான் வைத்த சூப்பை எல்லோரும் குடித்துக்கொண்டிருக்கும்போது, பழியைத் தலையில் போட்டுக்கொண்டேன். என் கணவர் மறுபேச்சில்லாமல் ஹஜ்ரத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தெரியாம சாப்பிட்டதுக்குக் குத்தமில்லம்மா," என்றார் ஹஜ்ரத். "இனிமே விசாரிச்சு வாங்குங்க. இப்ப இருக்கிறதுக்குச் சான்று இருந்தா தாராளமாப் போடலாம்."

மாமி நீளமாக மூச்சு விட்டார். பாவமும் போயிற்று, பேரும் தப்பிற்று. போன் வைத்த பிறகுதான் வினையே.

என் கணவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொடி போட்டுமா இப்படி இருக்கு?"

லேசில் சிரிக்காத மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. மாமியைப் பார்த்தேன். அவர் கரண்டியை மேசையில் டமாலென்று வைத்தார்.

"சிரிப்பை நிறுத்துங்க! போட்டது அவ இல்ல, நான். நீங்க இத்தனை வருஷம் கைமணம் கைமணம்னு நக்கிக் குடிச்சது அந்தப் பொடியைத்தான். அவ ஒண்ணுமே போடாம தினமும் உங்க முன்னாடி கொண்டாந்து வைக்கிறா. என்னால ஒரு நாள் முடியுமா அது?"

அது பாராட்டா, வசவா என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

மாமிக்குப் பயந்துதான் கேட்கிறார் என்று தெரியும். இருந்தும் விளிம்பு வரை ஊற்றினேன்.