தவறான விடைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டவர்

கோலாரில் விடைத்தாள் திருத்தும் மையத்தில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மதிய இடைவேளையில் திரும்ப வாங்கிப் பார்த்தபோது ஆனந்தன் ஏழு முறை அழைத்திருந்தார். யசோதரா மேடத்தின் தம்பி அவர். விஷயம் என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கூப்பிட்டேன்.

"அக்கா காலையில போய்ட்டாங்க சார். எட்டரை இருக்கும். உங்களுக்குத்தான் மொதல்ல போட்டேன். போன் எடுக்கல."

எட்டரைக்கு நான் முதல் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதிகாரியிடம் சொல்லிவிட்டு, திருத்தாத தாள்களை ஒப்படைத்துவிட்டு, பஸ் பிடித்தேன். வழி நெடுகிலும் அழுகை வரவில்லை. எங்கள் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பு வைக்கும் இடத்தில் அவருடைய கறுப்புக் குடையைப் பார்த்ததும்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். யசோதரா மேடம் எங்கள் பி.யூ. கல்லூரியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுத்தார். நான், சிவகுமார், அதே கல்லூரியில் கணக்கு. வயதில் எனக்கு இரண்டு வருடம் இளையவர், வேலையில் ஒரு வருடம் மூத்தவர். அதனால் கடைசி வரை நாங்கள் "சார்", "மேடம்" என்றே பேசிக்கொண்டோம். அவர் அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் பாறை சரியாமல் மரமுட்டு கொடுக்கிற வேலையில் இருந்தவர். வீட்டில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருக்கும், தலையில் விளக்கோடு.

உண்மையைச் சொன்னால், முதல் பத்து வருடம் நாங்கள் இருவரும் மற்ற எல்லா ஆசிரியர்களையும் போலத்தான் இருந்தோம். மேடம் ஒரு நோட்டு வைத்திருந்தார். மாணவர்கள் தேர்வில் எழுதும் வேடிக்கையான விடைகளை அதில் எழுதி வைப்பார். டீ வந்ததும் ஆசிரியர் அறையில் எடுத்துப் படிப்பார். குரலை மாற்றி, கண்ணை உருட்டிப் படிப்பதில் கெட்டிக்காரர். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். எல்லோரையும் விட சத்தமாகச் சிரித்தவன் நான்.

அது நின்றுபோனது மஞ்சுளாவால்.

மஞ்சுளா ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வந்த பெண். என் பாடத்தில் அவள்தான் முதல். மேடத்தின் பாடத்தில் இரண்டு தேர்விலும் தோல்வி. ஒருநாள் மேடம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், மஞ்சுளா உங்க கிட்ட எப்படி?"

"நல்ல மூளை மேடம். சொல்றதுக்கு முன்னாடி போட்ருவா."

"அந்த மூளைய என் கிளாசுக்கு வரும்போது எங்க வெச்சிட்டு வர்றா?"

"எகனாமிக்ஸ்னா மனப்பாடம் பண்ணணும். அவ பண்ணியிருக்க மாட்டா" என்றேன். அன்று அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மேடத்துக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலை மஞ்சுளாவை உட்கார வைத்து, அவள் தோற்ற அதே கேள்வியை மறுபடி கொடுத்தார். "விடை எனக்கு வேணாம். மனசுல ஓடறத அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடு" என்றார். என்னையும் கூப்பிட்டு ஒரு ஓரத்தில் உட்கார வைத்தார்.

கேள்வி எளிமையானது. தேவைக்கோடு ஒன்றை வரைந்து, அது என்ன சொல்கிறது என்று எழுத வேண்டும். தக்காளி விலை குறைந்தால் மக்கள் அதிகம் வாங்குவார்கள், அவ்வளவுதான். மஞ்சுளா எழுதியிருந்தது தலைகீழ்: மக்கள் அதிகம் வாங்கினால் தக்காளி விலை குறையும்.

அவள் பயந்துபோயிருந்தாள். மேடம் அவசரப்படுத்தவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"சார் கிளாஸ்ல சொன்னாரு மேடம். எது மொதல்ல மாறுதோ அத படுத்திருக்கற கோட்ல வெக்கணும். அது மாறறதால எது மாறுதோ அத நிக்கற கோட்ல வெக்கணும். நீங்க விலைய நிக்கற கோட்ல வெச்சிருந்தீங்க. அப்போ வாங்கறதுதான மொதல்ல மாறுது? விலை அதுக்கப்புறம்தான?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. கணக்கில் நான் கற்றுக்கொடுத்த விதியை அப்படியே பொருளாதாரத்துக்கு எடுத்துப் போயிருந்தாள். பொருளாதாரக்காரர்கள் மட்டும் பழக்கத்தால் விலையை நிற்கிற கோட்டில் வைக்கிறார்கள். எங்கள் விதிக்கு நேர் மாறு. இது மேடத்துக்குத் தெரியும், ஆனால் வகுப்பில் சொல்லத் தோன்றியதில்லை. எனக்கோ, பக்கத்து அறையில் அப்படி வரைகிறார்கள் என்பதே தெரியாது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்து வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறோம். சுவரைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது பிள்ளைகள் மட்டும்தான்.

"நீ தோக்கல மஞ்சுளா. கவனமா கேட்டிருக்க. அதுக்கு நான் பூஜ்யம் போட்டிருக்கேன்" என்றார் மேடம்.

மறுநாள் அவர் நோட்டைக் கொண்டுவந்தபோது படித்துச் சிரிக்க வைக்கப்போகிறார் என்று நினைத்தோம். ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். நான்கு வருடம் முன் படித்த செல்வராஜ் என்ற மாணவனின் விடை. மஞ்சுளா எழுதிய அதே வாக்கியம். மேடம் அதைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'சந்தையையே தலைகீழா நிக்க வெச்சிட்டான்யா' என்று சொன்னவன் நான்தான். செல்வராஜ் அந்த வருடம் பொருளாதாரத்தில் மட்டும் தோற்று, துணைத்தேர்வும் எழுதாமல் படிப்பை விட்டுவிட்டான்.

"அவன் இப்ப எங்க இருக்கான்னு விசாரிச்சேன் சார். பெங்களூர்ல ஒரு கிடங்குல வேலை. தெனமும் ரயில்ல போய் வர்றான். நான் போய்ப் பாக்கப் போறேன். நீங்க வர்றீங்களா?"

வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு முகமில்லை. பங்காருபேட்டை ஸ்டேஷனில், மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து இறங்கும் கூட்டத்தில் அவனைத் தேடிப் பிடித்தோம். எங்களைப் பார்த்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நேராக நின்றான், வகுப்பில் நிற்பதுபோல.

"இன்னா மேடம், யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. உன் விடைத்தாள் பத்திப் பேச வந்தோம்."

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மேடம் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கணக்கில் எப்படி வைப்போம், பொருளாதாரத்தில் எப்படி வைக்கிறோம், அவன் எந்த இடத்தில் மாறிப் போனான் என்று சொன்னார். முடிக்கும்போது, "தப்பு உன்னுது இல்ல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லல. அத வெச்சு ஸ்டாஃப் ரூம்ல சிரிச்சும் இருக்கோம்" என்றார்.

செல்வராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அவ்ளோதானா மேடம்?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எங்கள் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் மறுபடி தேர்வு எழுதவில்லை. எழுதச் சொல்லி மேடம் இரண்டு முறை கேட்டும், "இனிமே எங்க மேடம்" என்று சொல்லிவிட்டான். திரும்பும் வழியில் மேடம், "'அவ்ளோதானா'ன்னு கேட்டான் சார்" என்று ஒருமுறை சொன்னார்.

அதன் பிறகுதான் அவர் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடங்கினார். நிதியோ கருவியோ கிடையாது. ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து, அவளோடு ஒரு நாள் முழுக்க எல்லா வகுப்பிலும் போய் உட்கார்வார். ஒரே சொல்லை எந்த ஆசிரியர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்வார். பிறகு அந்த மாணவியிடம் கேட்பார். 'தவறான விடைக்குள்ள ஒரு சரியான யோசனை இருக்கும் சார். அத எடுக்காம சிவப்பு மை போடறது பாவம்' என்பது அவர் அடிக்கடி சொன்னது.

என் வகுப்புக்கும் வந்தார். இரண்டு வாரம் உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அவர் எழுதியதைப் படிக்கும் வரை. கட்டுரையின் வரைவை முதலில் என்னிடம்தான் காட்டினார். அதில் இப்படி இருந்தது: கணித வகுப்பில் அந்த இரண்டு வாரத்தில் மாணவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, சரியாக விடை போட்டவர்களில் பலருக்கு அந்த விடைக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத் தெரியவில்லை.

"கணித வகுப்புன்னு எழுதியிருக்கீங்க. இந்த காலேஜ்ல கணக்கு எடுக்கறது நான் ஒருத்தன்தான். படிக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அதுக்கு முந்தின பக்கத்துல பொருளாதார வகுப்புன்னு எழுதியிருக்கேன். அதுவும் நான் ஒருத்திதான்."

"நீங்க உங்கள எப்படி வேணா எழுதிக்குங்க. என்னை அசிங்கப்படுத்தாதீங்க" என்றேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். குரல் உயர்ந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

அவர் ஒரு வரியையும் நீக்கவில்லை. ஆனால் கட்டுரையை அனுப்பவும் இல்லை. பெங்களூர் கருத்தரங்குக்கு அனுப்பக் கடைசி நாள் வந்தது, போனது. அனுப்பாதது எனக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. 'சிவகுமார் சார் ஒத்துக்காம அவர் கிளாஸ பத்தி நான் வெளிய பேசமாட்டேன்' என்றாராம். ஒரு வருட உழைப்பு அவர் மேசை இழுப்பறையில் கிடந்தது. என்னைக் கெஞ்சவோ இடித்துரைக்கவோ இல்லை. காலையில் எதிரில் பார்த்தால் வழக்கம்போல், "வாங்க சார்" என்பார். நான்தான் பதில் சொல்லாமல் போவேன்.

அவர் எழுதியது பொய் என்று நிரூபிக்கவே ஒருநாள் மஞ்சுளாவை வகுப்பில் எழுப்பினேன். ஒரு கோட்டின் சரிவு என்றால் என்ன என்றேன்.

"மேல போனத பக்கத்துல போனதால வகுக்கணும் சார்."

"வகுத்தா மூணு வருது. அந்த மூணுனா இன்னா?"

என் பாடத்தில் முதலாக வரும் பெண் நோட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "தெரியாது சார். அத நீங்க கேட்டதே இல்லயே" என்றாள்.

மணி அடித்ததும் நேராக மேடத்தின் மேசைக்குப் போனேன். மன்னிப்பு கேட்பதாகத்தான் திட்டம். வாயில் வந்தது, "எங்க கையெழுத்து போடணும்?" என்பதுதான். அவர் இழுப்பறையைத் திறந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். "கையெழுத்து போதாது சார். உங்க பகுதிய நீங்களே எழுதுங்க. நான் வெளிய இருந்து பாத்தத எழுதியிருக்கேன். உள்ள இருந்து எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்." எழுதினேன். என் வாழ்நாளில் நான் உண்மையாக எழுதிய முதல் மூன்று பக்கம் அவைதான்.

அடுத்த வருடம் பெங்களூரில் சேர்ந்து வாசித்தோம். வாசித்து முடித்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, ஒரு சிற்றூர்க் கல்லூரியில் சில பிள்ளைகளிடம் பேசியதை வைத்து எல்லோருக்கும் என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார். மேடம் கன்னடத்தில் பதில் சொன்னார். தமிழில் இப்படி இருக்கும்:

"எங்க ஊர் சுரங்கத்துல கீழ போகப் போகத்தான் லெவல் எண் ஏறும். ஒண்ணு மேல இருக்கும், நூறு பாதாளத்துல இருக்கும். சுரங்கக்காரங்க வீட்ல வளர்ந்த பிள்ளைகிட்ட 'மேல போனா அதிகம், கீழ வந்தா கொறவு'ன்னு நான் படம் போட்டேன். அந்தப் பிள்ளை மனசுல இன்னா இருந்துச்சுன்னு கேக்கல. எல்லாருக்கும் நான் எதுவும் சொல்ல வரல சார். உங்க பிள்ளைங்ககிட்ட நீங்க கேளுங்கன்னு சொல்ல வந்தேன்."

அந்தப் பேராசிரியர் மறு மாதமே தன் துறையினர் இருவரோடு எங்கள் கல்லூரிக்கு வந்து வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தார். இன்று எங்கள் கல்லூரியில் எந்த ஆசிரியரும் எந்த வகுப்புக்குள்ளும் நுழையலாம். அது விதியாகிவிட்டது. வேதியியல்காரர் கன்னட வகுப்பில் இருப்பார். பிள்ளைகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

நோய் வந்த பிறகும் ஏழெட்டு மாதம் மேடம் வகுப்புக்கு வந்தார். முடியாமல் போனதும் நான் வாரம் ஒருமுறை பாலகாட் போவேன். தன்னைப் பற்றிப் பேசவிடமாட்டார். "இந்த வாரம் யாராவது புதுசா தப்பு பண்ணாங்களா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. கடைசியாகப் போனபோது பேச்சு குழறியது. டாக்டர் நோயை விளக்கியதை எனக்குச் சொல்லிவிட்டு, "அவரு படம் போட்டு நல்லாத்தான் சொன்னாரு. எனக்கு இன்னா புரிஞ்சுதுன்னு கேக்காம போய்ட்டாரு" என்று சிரித்தார்.

அடக்கத்தன்று வெள்ளை உடுத்தியவர்களால் அந்தத் தெரு நிறைந்திருந்தது. புத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லும்போது எனக்குச் சொற்கள் தெரியவில்லை. ஆனந்தன் எனக்காக மெதுவாகச் சொன்னார், பின்னால் சொன்னேன். மஞ்சுளா மாலூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். செல்வராஜும் வந்தான், மனைவியோடு. அவன்தான் கடைசி வரை தோள் கொடுத்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது. பத்துப் பன்னிரண்டு வருடம் 'புரிஞ்சுதா?' என்று கேட்டு, 'புரிஞ்சுது சார்' என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். இப்போது 'இன்னா புரிஞ்சுது, சொல்லு' என்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். நிற்பதுதான் கஷ்டம். போன திங்கட்கிழமை நஸ்ரீன் என்ற பெண் எழுந்து, சொல்வதற்குள் வகுப்பே நெளிய ஆரம்பித்துவிட்டது. நான் நின்றேன். கடைசியில் சொன்னாள். தவறுதான், ஆனால் இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத தவறு. அதைப் பலகையில் எழுதி, கீழே அவள் பெயரையும் எழுதி, "இப்ப இதுல இருந்து ஆரம்பிப்போம்" என்றேன்.