கழன்று விழுந்த சட்டைக்கை

ரோசா அக்கா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னாள். நான் முதலில் கேட்டது, "கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?" என்றுதான். "இல்லை அன்ரி" என்றாள். அதற்குப் பிறகே எனக்கு அழுகை வந்தது.

இங்கே வுப்பர்டால் நகரில் ஒரு நாடக அரங்கின் தையல் அறையில் எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் அவர். பழங்கால நாடகங்களில் வரும் சீமாட்டிகளின் உடுப்பில் சட்டைக்கை தனியாக இருக்கும். தோளில் நாடாவால் கட்ட வேண்டும். "உடுப்பு ஒண்டுதான், கை நாலு சோடி. கையை மாத்தினா ஊருக்குப் புது உடுப்பு. சீமாட்டியளும் எங்களை மாதிரித்தான்" என்று அக்கா சிரிப்பார்.

நான் சேர்ந்து நாலாம் மாதம், ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் கோப்பி குடிக்கும்போது, "இவளின்ர தையல் சாக்குத் தையல். நான்தான் பிரிச்சுத் தைக்கிறன்" என்றும் சிரித்தார். அன்று அவர் கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்திருந்தார். நான் மறக்கவில்லை.

அடுத்த வாரம் நாடகம். "இந்தக் கையை ஒருக்காக் கட்டிவிடு" என்று அக்கா ஒரு நடிகையை என்னிடம் அனுப்பினார். இரட்டை முடிச்சுப் போட வேண்டும். நான் ஒற்றை முடிச்சோடு விட்டேன். அவசரத்திலா, வேண்டுமென்றா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல ஏலாது. நடிகை மேடையில் கையை நீட்டிச் சாபம் போட்டபோது சட்டைக்கை கழன்று விழுந்தது. சபை முழுக்கச் சிரித்தது.

கட்டியது யார் என்று மறுநாள் பொறுப்பாளர் கேட்டார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அவருக்கு இஸ்திரி வேலை. சட்டைக்கைகள் என் மேசைக்கு வந்தன.

போன வருடம் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். "ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உனக்கு அப்ப வேலை நிரந்தரமாகேல்லை. நிப்பாட்டியிருப்பாங்கள். உன்ர பிள்ளையளின்ர விசாவும் அதிலைதானே நிண்டது."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "அப்ப, சாக்குத் தையல் எண்டது சரியோ?"

"சாக்குத் தையல்தானேயடி" என்றார், கண்ணைத் திறக்காமல்.

கோபத்தில் எழும்பி வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

அந்தத் தையல் அறையில் வேலை செய்தவர்களுக்கும், பூசைக்கு வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அந்த முடிச்சைப் போட்டது நான். அதற்குப் பிறகு நான் தைத்த சட்டைக்கை ஒவ்வொன்றும் அக்கா தைத்திருக்க வேண்டியது. அவற்றுக்குக் கிடைத்த பாராட்டு முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது.