மூச்சு மாறாத ஞாயிறு

மலாக்காவின் கஜா பெராங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் காசிம் பாய், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் சற்று நின்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். எந்த நாசியில் மூச்சு பலமாக ஓடுகிறதோ அந்தப் பக்கத்துக் காலை முதலில் வைத்து இறங்குவார். 1953-இல், நான் குடிவந்த முதல் வாரத்திலேயே இது என் கண்ணில் பட்டது. காசிம் லாரி ஓட்டுபவர். மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். புக்கிட் காதில் என்ற ஊரில் மலாய்க்காரர்களோடு சேர்ந்து சிலாட் என்னும் தற்காப்புக் கலை பழகியவர். மூச்சுப் பார்ப்பது சிலாட்காரர்களின் வழக்கம் என்றார். எனக்குத் திடுக்கென்றது. அதை நாகப்பட்டினத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக அல்லவா நினைத்திருந்தேன்.

என் தகப்பனார் நீதிமன்றக் குமாஸ்தா. சரம், அதாவது மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று, பார்க்காமல் வெளியே கிளம்ப மாட்டார். திங்கள், புதன், வெள்ளி இடது நாசி. ஞாயிறு, செவ்வாய், சனி வலது. வியாழனுக்கு வளர்பிறையா தேய்பிறையா என்று பார்க்க வேண்டும். மாறி ஓடினால் ஒருக்களித்துப் படுத்து மூச்சைத் திருப்பிக்கொண்டுதான் எழுந்திருப்பார். நான் கப்பலேறிய நாளில் ஜட்கா வாசலில் காத்து நிற்க, வழியனுப்ப வேண்டியவர் கூடத்தில் படுத்துக் கிடந்தார். தொலைவில் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கடைசிப் படகை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். பெட்டியில் ஆங்கில உடற்பயிற்சிப் பத்திரிகைகள் இருந்தன. இனிமேல் கணக்கும் காலண்டரும் போதும், மூக்கு வேண்டாம் என்று அந்தப் படகிலேயே முடிவு செய்துகொண்டேன்.

ரப்பர் கிடங்கு ஒன்றில் எனக்குக் கிராணி வேலை, அதாவது எழுத்தர் வேலை. மாலையில் ஆ லியோங் தவுக்கே என்னும் சீன முதலாளியின் டயர்க்கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் பளு தூக்குவோம். பழைய லாரி அச்சும் பற்சக்கரங்களுமே எங்கள் சாமான்கள். பத்திரிகையில் சொன்னபடி நான் வாரந்தோறும் ஐந்து ராத்தல் கூட்டிக்கொண்டே போனேன். இடுப்பு வலித்தாலும் கூட்டினேன். காசிமுக்கு அப்படி ஓர் ஒழுங்கும் கிடையாது. இரும்பின்மேல் கையை வைத்துக் கண்ணைப் பாதி மூடி நிற்பார். சில நாள் எல்லோரையும்விட அதிகமாகத் தூக்குவார். சில நாள் "இன்னிக்குக் கெராக் இல்ல லா" என்று கையை எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். உள்ளிருந்து எழும் உந்துதலைச் சிலாட்காரர்கள் கெராக் என்பார்கள். அப்படியிருந்தும் அவர் பலம் ஏறிக்கொண்டே போயிற்று. நான் ஒரே எடையில் மாதக்கணக்காக நின்றேன்.

பொறுக்காமல் ஒருநாள் அவரிடமே காரணம் கேட்டுவிட்டேன்.

"நீ இரும்போட சண்டைக்குப் போற, கிராணி. சிலாட்ல எதிராளி அசையிற வரைக்கும் நாங்க கை நீட்ட மாட்டோம்."

"இரும்பு எங்க பாய் அசையப் போவுது?"

"அது அசையாது. ஒனக்குள்ள ஏதாச்சும் அசையும். பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டுத்தான் வீட்ல வாயத் தொறக்கணும், அது மாதிரி. ஒனக்கு எங்க தெரியும், ஒத்தக் கட்ட."

எதிர்க்காமல் வெல்வதைப் பற்றிச் சீன, ஜப்பானியச் சிந்தனை நூல்களில் படித்திருக்கிறேன். அவை முனிவர்களுக்கு என்று நினைத்து மூடி வைத்தவன், டயர் நாற்றத்துக்கு நடுவே சோதித்துப் பார்த்தேன். வாரக் கணக்கை விட்டேன். உடம்பு கேட்டால் கூட்டினேன், மறுத்தால் குறைத்தேன். இடுப்பு வலி போயிற்று; எடையும் நகர்ந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கிராணி புத்தி விடவில்லை. தகப்பனாரின் கிழமைக் கணக்கை அட்டவணையாக எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். கடும் உழைப்புக்கு வலது நாசிதான் ஏற்றது என்று அடியில் குறிப்பும் எழுதினேன். மூக்குக்கும் டைம்டேபிளா என்று காசிம் சிரித்தார். தன் அவசரம் அடங்குவதற்காகத்தான் மூச்சைப் பார்ப்பதாகவும், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அப்புறம்தான் என்றும் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

1956 பிப்ரவரியில் எங்கள் ஊர்த் திடலில்தான் மலாயாவின் சுதந்திரத் தேதி அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு ஊரில் பேச்செல்லாம் பதிவு, பிரஜை, பத்திரம் என்பதாகவே இருந்தது. புது நாட்டுக் காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடு என்று தகப்பனார் எழுதினார். பதில் எழுத முடியாமல் தவித்தேன். அந்தச் சமயத்தில், சுதந்திரத்தை ஒட்டி, பக்கத்து ஊரான மூவாரிலிருந்து வரும் குழுவோடு பளுதூக்கும் போட்டி என்று தவுக்கே அறிவித்தார். எங்கள் உடல் எடைப் பிரிவில் ஓர் இடம். கேட்பவர்கள் இரண்டு பேர், நானும் காசிமும். மலாக்கா அணியில் என் பெயர் வந்தால் இங்கேயே பதிந்துகொள்வேன், வராவிட்டால் கப்பல் என்று காசிமிடம் சொன்னேன். ஒரு நாட்டையே இரும்புத் தடியில் தொங்கவிடுகிறாயா என்று கேட்டுவிட்டு அவர் டீயை உறிஞ்சினார்.

1957 ஆகஸ்ட் மாதத்து முதல் ஞாயிறு தேர்வு. முதலில் என் முறை. விரலை வைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில், வலதில் ஓட வேண்டிய மூச்சு இடதில் ஓடியது. தகப்பனார் செய்வதுபோலவே, அடுக்கியிருந்த டயர்களின்மேல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன்.

தவுக்கே பதறி ஓடி வந்தார். மயக்கம் என்று நினைத்து என் நெற்றியிலும் மூக்கிலும் மருந்தெண்ணெயைத் தடவினார். நோய் இல்லை, மூச்சுதான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். மூச்சு முட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் பதறினார். விசிறச் சொல்லி ஆளை ஏவிவிட்டு, பலகையில் என் பெயரை அழித்தார். காசிமை அழைத்தார். படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்துக் கரை கண்ணில் தெரிந்தது.

காசிம் இரும்பின்மேல் கையை வைத்தார். வெகுநேரம் நின்றார். பிறகு கையை எடுத்தார். தவுக்கேயிடம் மலாயில் சொன்னதையே எனக்குக் கேட்கும்படி தமிழிலும் சொன்னார்:

"எனக்கு இன்னிக்குக் கெராக் இல்ல. கிராணிய எழுப்பு. அவனுக்கு ஒரு நோவும் இல்ல, மூக்கத் திருப்பிக்கிட்டுக் கெடக்கான்."

கொட்டகையே சிரித்தது. அவர் என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"எந்திரி."

"இன்னும் மாறல பாய்."

"எந்திரி லா. இந்த எண்ணெ நெடியில எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒன் அப்பன் வந்தாலும் சொல்ல முடியாது."

உண்மைதான். இரண்டு நாசியும் எரிந்தன. வெட்கத்தில் அட்டவணை, கிழமை, கப்பல் எதுவும் மனத்தில் இல்லை. குனிந்து இரும்பைப் பிடித்தேன். அது குளிர்ச்சியாக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. எனக்குள் ஏதோ மெல்ல அசைந்தது. அதன் பின்னாலேயே நானும் எழுந்தேன். தலைக்கு மேலே கைகள் நீண்டு நின்ற பிறகுதான் தூக்கிவிட்டேன் என்று புரிந்தது.

மறுநாள் காலை, லாரியில் ஏறப்போன காசிமை மறித்து, நிஜமாகவே கெராக் இல்லையா, அல்லது எனக்காகவா என்று கேட்டேன்.

"தெரிஞ்சா என்னா பண்ணுவ? அதையும் சுவத்துல எழுதி ஒட்டுவியா?"

அவ்வளவுதான். லாரி கிளம்பிப் போய்விட்டது. அதன் பிறகு நானும் கேட்கவில்லை.

போட்டியில் மூவார்க்காரனிடம் தோற்றேன். அதில் வருத்தமில்லை. வருத்தம் தந்தது சட்டைதான். தேர்வுக்கு முன்பே தவுக்கே அணிச் சட்டைகளைத் தைக்கக் கொடுத்திருந்தார். எங்கள் பிரிவுக்குக் காசிமின் மார்பளவைத்தான் கொடுத்திருந்தார். எனக்கு அது தொளதொளத்தது. மார்பில் எழுதியிருந்த ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் என் அக்குள்களுக்குள் மடிந்து போயின. அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைத் தகப்பனாருக்கு அனுப்பி, பதிந்துகொண்டேன் என்றும் எழுதினேன். உடம்பு தேறியிருக்கிறது, சட்டையில் என்ன ஊர் போட்டிருக்கிறது, சரியாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. சட்டையைப் பிடித்துத் தைக்கலாம் என்று தையற்காரர் சொல்கிறார். இன்னும் கொடுக்கவில்லை. காசிம் வீட்டுத் துணிக்கொடியும் என் வீட்டுத் துணிக்கொடியும் ஒரே கம்பத்தில் கட்டியவை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டால் அது யாருடையது என்று காற்றுக்குத் தெரிவதில்லை.