விருது பார்க்க வந்த சொந்தங்கள்

சினிமா விருது விழா டிவியில் ஓடும்போது என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மேடையில் யாராவது உறையைக் கையில் எடுத்தாலே, "சொல்லு, சொல்லு, யாருக்கு?" என்று நம் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவார். தெரியாது என்று தப்பிக்கவும் முடியாது, அதற்கும் திட்டு விழும். அப்பா, நான், தம்பி மூவரும் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டுக் காத்திருப்போம். பெரும்பாலும் அம்மா சொன்ன ஆளுக்குத்தான் விருது போகும்.

இத்தனைக்கும் அந்தப் படங்களில் பாதியை அவர் பார்த்திருக்க மாட்டார். அவர் பார்ப்பதெல்லாம் விழாவைத்தான். "அந்தப் புள்ளைய ஓரத்துச் சீட்டுல உக்கார வெச்சிருக்கறாங்க பாரு, எந்திரிச்சுப் போறதுக்குத் தோதா. இவளுக்குத்தான்" என்பார். தாமதமாக வந்தும் முன்வரிசை கிடைத்தவர், அப்பா அம்மாவைக் கையோடு கூட்டி வந்தவர், கேமரா காரணமில்லாமல் போய்ப் போய் எட்டிப் பார்க்கும் ஆள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். தொகுப்பாளர் பெண்ணின் தலையில் இருந்த பூ திடீரென்று கொஞ்சம் வாடித் தெரிந்தால், "நடுவுல என்னமோ வெட்டிப்போட்டாங்க" என்று சொல்லிவிடுவார். காங்கேயத்தில் எங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டே சென்னை விழாவின் அடிமுடியெல்லாம் அளந்துவிடுகிற ஆள் அவர்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. விழா ஒரு நாள் நடக்கும், பல வாரம் கழித்து ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் வரும். இடையில் முடிவுகளை யாரும் போனில் தேடக் கூடாது. தெரிந்துவிட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை அப்பா பேப்பரில் பார்த்ததைச் சாப்பிடும்போது உளறிவிட்டார். அன்று அவருக்கு ரசத்தோடு சாப்பாடு முடிந்தது.

அப்படிப்பட்ட வீட்டில்தான், ஒரு வருடம், விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் ஒருவனாக என் தம்பியின் பெயரே வந்து நின்றது.

தம்பி சென்னையில் படங்களுக்கு ஒலி சேர்க்கிற வேலையில் இருக்கிறான். திரையில் மழை பெய்தால் அந்த மழையின் சத்தம் அவனும் அவன் கூட்டாளிகளும் சேர்த்தது. கதவு திறந்தால், யாராவது சருகு மேல் நடந்தால், அதுவும் அப்படித்தான். அவன் வேலை செய்த படத்தைப் பார்க்க அம்மாவைக் கோயம்புத்தூர் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். அம்மா பாதிப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடைவேளையில் பக்கத்துச் சீட்டுப் பெண்மணியிடம், "அந்தக் கதவு கிறீச்சுனுச்சுங்களே, அது எங்க பையனுங்க" என்றார். அந்தப் பெண்மணி பயந்துபோய் வேறு சீட்டு தேட ஆரம்பித்துவிட்டார்.

சொந்தக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அம்மா படாத பாடு பட்டார். சவுண்டு வேலை என்றதும் எல்லோரும் மைக்செட் என்றே எடுத்துக்கொண்டார்கள். தாராபுரத்தில் இருக்கும் என் அத்தை, அப்பாவின் அக்கா, ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடியே, "ஏன் அம்மணி, எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு உம் பையனை ரெண்டு குழாய் கட்டச் சொல்லேன். வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கோணும்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் அம்மாவுக்கு இன்னும் வலித்தது. இஞ்சினியரிங் படிக்க வைத்த பையன் ஊர் ஊராக ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று இத்தனை பேர் தன்மேல் பரிதாபப்படுகிறார்களே என்று வீட்டுக்கு வந்து அழுதார். ஒரே ஒரு தடவை, இவர்கள் எல்லோரும் தன் பையனை மேடையில் பார்த்துவிட்டால் போதும் என்று அன்றிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். வேறெதுவும் அவர் கேட்டதில்லை.

விழா முடிந்த மறுநாள் தம்பி போன் செய்தான். "அம்மா, நேத்து என்னாச்சுன்னாங்மா..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லிப்போடாத சாமி!" என்று அம்மா போனையே வைத்துவிட்டார்.

அடுத்து எனக்கு அடித்தான். நான் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஆபீசில் இருந்தேன். பொதுவாகச் சட்டத்தை மதிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் இந்த முறை அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். வாயைத் திறந்தால் இனி உன்னோடு பேச்சில்லை என்று தம்பியை மிரட்டினேன். அவன் குரல் கொஞ்சம் கம்மியிருந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய் அதை அம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கெடைக்காட்டி எதுக்குக் கூப்புட்டுச் சொல்ல வாரான்? கமுக்கமா இருந்துக்குவான். கெடச்சிருக்குது. கூச்சப்படறான்" என்றார். ஊர் பேர் தெரியாத நடிகைகளின் மனசையெல்லாம் சீட்டை வைத்தே சொல்கிறவர், பெற்ற பிள்ளையின் குரலை இப்படிப் படித்தார். நானும் தலையாட்டினேன்.

டிவியில் தேதி அறிவித்ததும் அம்மா அழைக்கக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு நேரில் போய்க் கூப்பிட வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகக் கணக்கில்லை, அதையே குறையாகப் பத்து வருஷம் பேசுவார்கள். டிவி நிகழ்ச்சிக்கு யாராவது நேரில் போய் அழைப்பார்களா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். பேசாமல் வண்டியை எடுங்க என்று பதில் வந்தது. வெற்றிலை பாக்கு பழத் தட்டோடு காங்கேயத்தில் இருக்கும் உறவுகள் வீடு எல்லாம் ஏறி இறங்கி, கடைசியாகத் தாராபுரம் போய் அத்தையையும் அழைத்தார்கள். "ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்தரோணுங் நங்கையா. பையன் டிவியில வாரானுங்" என்று அம்மா சொன்னாராம். நாத்தனாரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அத்தை தட்டை வாங்கிக்கொண்டு, "குழாய் கட்டறதயா காட்டறாங்க?" என்று கேட்டாராம். பார்க்கத்தானே போகிறீர்கள் என்று அம்மா சிரித்துவிட்டு வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹால் நிறைந்து வழிந்தது. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் சேர்கள் வாசல்வரை போட்டிருந்தோம். சமையலறையில் போளி மாதிரி தட்டிய ஒப்புட்டு அடுக்கியிருந்தது, விழா முடிந்ததும் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிய மாவு தயாராக இருந்தது. அம்மா நல்ல பட்டுப்புடவையில் இருந்தார். அத்தை முன்வரிசையில் டிவிக்கு நேராக உட்கார்ந்தார்.

முதலில் எல்லோரும் கூச்சமாகத்தான் இருந்தார்கள். அம்மா விடவில்லை. "சிறந்த வில்லன் யாருங்க? ஆளுக்கொரு பேரு சொல்லுங்க" என்று ஆரம்பித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஹால் சூடு பிடித்துவிட்டது. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, ஒவ்வொரு தடவையும் ஒரே நடிகரின் பெயரைச் சொன்னார், சிறந்த பாடகிக்கும் அவரையே சொன்னார். அத்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர், அம்மா சொன்னதெல்லாம் பலிப்பதைப் பார்த்து, "அதெப்புடி அம்மணி கண்டுபுடிக்கற?" என்று சேரை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அம்மா ஓரத்துச் சீட்டு ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அம்மாவைப் பார்த்ததில்லை.

"அடுத்தது சவுண்டுதான் வருமுங்க" என்று அம்மா அறிவித்தார். எல்லோரும் ஒரே குரலில் நம்ம பையன் என்றார்கள். விளம்பரம் வந்தது. பற்பசை, பனியன், தங்கநகை எல்லாம் வந்து போயின. விழா மறுபடி ஆரம்பித்தபோது அம்மா என் தொடையில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

நான் திரும்பித் திரையைப் பார்த்தேன். தொகுப்பாளர் பெண்ணின் தலையில் பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

தொழில்நுட்பக் கலைஞர்களுக்கான விருதுகள் என்று ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. பின்னணியில் ஒரு பாட்டைப் போட்டு, யார் யாரோ மேடையில் ஏறுவதையும் கை குலுக்குவதையும் மளமளவென்று ஓட்டினார்கள். பெயர் இல்லை, பேச்சு இல்லை. மூச்சு விடுவதற்குள் முடிந்து, ஒரு கதாநாயகன் ஆட ஆரம்பித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் ஒரு அசைவைக்கூட வெட்டாமல் காட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். படம் முழுக்கச் சத்தம் கொடுத்தவர்களுக்கு அவர்கள் சத்தத்தையும் பிடுங்கிக்கொண்டு ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட்டார்களே!

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்பா எழுந்து போய் யாரும் கேட்காத தண்ணீரைக் கொண்டு வந்தார்.

"அதா போனதுல, ரெண்டாவதா ஏறுனது நம்ம மாப்ளதான?" என்றார் மாமா திடீரென்று.

"ஆமாமா, நானும் பாத்தனுங்க. மெலிஞ்சுபோட்டான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கை குடுத்தானே, அந்த நடிகருக்கு!"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தம்பியைப் பார்த்துவிட்டார்கள். படியேறியதைப் பார்த்தவர் ஒருவர், சிரித்ததைப் பார்த்தவர் ஒருவர். கண் இமைக்காமல் பார்த்ததால் என் தம்பி அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அவர்களில் ஒருவர்கூட உண்மையில் பார்த்திருக்க முடியாது. அத்தை மட்டும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, அவந்தானுங்க" என்றார் அம்மா. உடனே, "சரி, சிறந்த நடிகை யாருங்க, சொல்லுங்க" என்று ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவர் சொன்ன பெயர் அந்த முறை தப்பிப்போனது.

சந்தகைக்கு உட்கார்ந்தபோதுதான் தம்பியின் போன் வந்தது. அம்மாவின் இரண்டு கையிலும் மாவு. எப்போதும் போல முழங்கையால் போனை நகர்த்தி, என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன்.

"அம்மா, டிவியில பாத்தீங்களா?"

"பாத்தோங் கண்ணு. எல்லாரும் பாத்தோம். நம்ம சனம் பூராவும் வந்திருக்குது."

தம்பி மெதுவாக, "என்னத்தைம்மா பாத்தீங்க? நான் மேடைக்கே போகலீங்களே. எனக்குக் கெடைக்கலைங்மா. அன்னைக்கே சொல்லத்தானுங் கூப்புட்டேன், நீங்கதான் கேக்கலை" என்றான்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. சந்தகையைப் பிசைந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ரெண்டாவதாக ஏறினான் என்று சொன்ன மாமா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அம்மா மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து நின்றார். அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போனை அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அதற்குள் அத்தை இலையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தாராபுரத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"கண்ணு, அத்த பேசறேன். நீ மேடைக்குப் போனா என்ன, போகாட்டி என்ன? நாங்க எல்லாரும் உன்னையப் பாத்துப்போட்டோம்!"

அந்தப் பக்கம் தம்பி சிரிக்கிறானா, அழுகிறானா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிங்கத்த. அப்ப நான் என்ன சட்டை போட்டிருந்தேன், சொல்லுங்க பாக்கலாம்" என்றான்.

"வெள்ளச் சட்டை" என்றார் அத்தை.

"நீலம்" என்றார் மாமா, அதே சமயத்தில்.

பந்தியே வெடித்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாவுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்துச் சொன்னார்:

"எதப் போட்டிருந்தாலும் உனக்கு நல்லாத்தான் இருந்துச்சு சாமி."