கஸ்பாரின் கரடு

செருப்பைக் கழற்றி அடிவாரத்து நஞ்சப்பனின் வேலி இடுக்கில் சொருகிவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கஸ்பார் முதல் பாறையில் கை வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மற்ற ஆண்கள் அப்போதுதான் கோயில் வாசலில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்கள். மேலே போக ஆட்டுத்தடம் ஒன்று சுற்றிக்கொண்டு கிடக்கிறது. அதில் இறங்குவாரே தவிர ஏற மாட்டார். கால் பெருவிரலைப் பாறை வெடிப்பில் கொடுத்து, உள்ளங்கையால் கல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போவார். ஐம்பதை நெருங்குகிற உடம்பு. சட்டைப் பையில் வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் இருக்கும்.

இண்டூர்ப் பக்கத்தில் சின்ன மலையைக் கரடு என்பார்கள். இந்தக் கரட்டில் சாமி கிடையாது, தீர்த்தம் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி விறகுகூடக் கிடையாது. ஒரு மனிதர் வாராவாரம் அதில் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? புதையல் என்றது. பிறகு சாராய ஊறல் என்றது. அடிவாரத்தில் கடலைக்காடு வைத்திருக்கும் நஞ்சப்பன் ஒருநாள் பின்னாலேயே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து வருத்தத்தோடு சொன்னார்.

"ஒண்ணுமே இல்லீங்க. வேலை மெனக்கெட்டு ஏறறாரு. ஒக்காந்து பாக்கறாரு. கடலையைத் தின்னுட்டு எறங்கறாரு."

ஊருக்குப் பெரிய ஏமாற்றம். நஞ்சப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நேரிலேயே கேட்டார். "அப்பிடி மேல என்னத்தைத்தானுங்க கண்டீங்க?"

"கீழ இருக்கறதைத்தான்" என்றார் கஸ்பார். அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "நீங்க பருந்தோட முதுகைப் பாத்திருக்கீங்களா? கீழ நிக்கறவங்களுக்கு அதோட வவுறு மட்டுந்தான் தெரியும். மேல போனா அது நமக்குக் கீழ பறக்குமுங்க. முதுகு வெயில்ல மினுங்கும்." அதற்குப் பிறகு மாடு ஓட்டும்போது நஞ்சப்பன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார் என்று அவர் வீட்டில் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

கஸ்பாருக்குத் தொழில் தையல். இண்டூர்க் கடைத்தெருவில் தெருவைப் பார்த்து ஒரு மெஷின், அதன் பின்னால் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் அவர். டெரிலின் வந்த பிறகு துணி கையில் நிற்காமல் வழுக்குகிறது என்று அலுத்துக்கொள்வார். மற்றபடி குறை சொல்கிற ஆளில்லை. ஏன் இப்படி மலை ஏறுகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "ஆறு நாளா மிதிக்கறேன். இந்த வண்டி ஒரு அடி நவுந்திருக்குதா பாருங்க. ஏழாம் நாளாவது காலு எங்கயாச்சும் போய்ச் சேர வேணாமா?" மெஷினைப் போட்டிருக்கும் இடத்திலிருந்து தலையைத் தூக்கினால் எதிர்வரிசைக் கூரைகளுக்கு மேலே கரட்டின் உச்சி தெரியும். பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போதுகூடக் கண் அங்கே ஒரு நடை போய்விட்டு வரும்.

அவருடைய மனைவி பாக்கியமேரிக்கு இந்த விஷயத்தில் வேறு அபிப்பிராயம். "என்னைக் கோயில்ல வெச்சுத் தாலி கட்டுனாரு. குடும்பம் நடத்தறது அந்தக் கரட்டோடதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு ஆறிப்போவது அவளுடைய நிரந்தர வழக்கு.

கஸ்பார் கூப்பிடாமல் இல்லை. "ஒருக்கா வா மேரி. நம்ம வூட்டை அங்கேருந்து காட்டறேன்" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"வூட்டுக்குள்ளயே கெடக்கறவளுக்கு வூட்டைக் காட்டறீங்களாக்கும். கூரையைப் பாக்க ஒரு கல்லு ஏறணுமா?"

உச்சியில் உட்கார்ந்து கஸ்பார் அதிக நேரம் பார்ப்பது ஏரியையும் அல்ல, தூரத்து வத்தல்மலையையும் அல்ல. தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் தம்முடைய ஓட்டு வீட்டைத்தான். அடுப்புப் புகை எழும்புவதும் அடங்குவதும் அங்கிருந்து தெரியும். புகை அடங்கினால் சோறு வடித்தாயிற்று என்று அவரும் எழுந்து இறங்கத் தொடங்குவார். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவள் ஒருதரம் மேலே வந்து நின்று பார்த்துவிட்டால் சொல்லாமலே புரியும் என்று நினைத்தார். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஆனால் வேறு ஆசை என்று எதுவும் அவருக்கு இருந்ததாகவும் தெரியவில்லை.

இந்த மனிதர் வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் கரட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவக்காலம். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆளுக்கொன்றை ஆண்டவருக்காக விட்டுவிடுவது வழக்கம். ஒருவர் பீடியை விடுவார், ஒருவர் கறியை விடுவார், சீட்டாட்டத்தை விட்டவர்களும் உண்டு. கஸ்பாரும் ஒரு காலத்தில் டீயை விட்டுப் பார்த்தார். இரண்டாம் வாரமே அவருக்கு உறுத்தியது. "எனக்கு அது வலிக்கவே இல்லீங்க. வலிக்காததை உட்டுட்டு உட்டேன்னு சொல்றது ஆண்டவரை ஏமாத்தறதுதானே?" வலிக்கிற பொருள் எது என்று யோசித்தார். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து தவக்காலத்தில் ஏறுவதும் இல்லை, பார்ப்பதும் இல்லை. மெஷினைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிடுவார். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும், சொந்தத் தலையின் நிழலே துணியில் விழும், தையல் பாம்பாக நெளியும். கல்யாணத் துணியை ஈஸ்டருக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் தள்ளிப்போடுவார்கள்.

சென்ற வருஷம் பங்குக்கு ஒரு புதுச் சாமியார் வந்தார். இளவயசு, சுறுசுறுப்பு. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய பிறகு குருப்பட்டம் பெற்றவர். கோயிலுக்குள் நடக்கும் சிலுவைப்பாதையை இந்தப் பெரிய வெள்ளிக்கிழமை கரட்டின் மேல் நடத்துவோம் என்று பிரசங்கத்தில் அறிவித்தார். அடிவாரத்தில் தொடங்கி, பதினான்கு இடங்களில் நின்று ஜெபித்து, உச்சியில் மரச்சிலுவையை நடுவது. வழிகாட்ட கஸ்பார் இருக்கிறார். சபை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். விழுந்த அன்றைக்கு கஸ்பாருக்கு ஒருசந்தி விரதம்.

பூசை முடிந்ததும் சாமியாரைத் தேடிப் போனார். "என்னால முடியாதுங்க சாமி."

"காலு வலியா?"

"இல்லீங்க. எனக்கு சந்தோசமா இருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு சந்தோசப்படலாமுங்களா?"

சாமியார் சிரிக்கப் போனவர், எதிரில் நின்ற முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பொம்பளைங்க, வயசானவங்க எல்லாம் வருவாங்க. வழி தெரியாம யாராவது வழுக்கி விழுந்தா என்ன செய்றது? நீங்க ஏறித்தான் ஆகணும். உங்க மனசை நீங்களும் ஆண்டவரும் பேசித் தீத்துக்குங்க."

பேசித் தீர்த்த முடிவை கஸ்பார் வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சொன்னார். ஏறுவது, ஆனால் மேலே போய் ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பாக்கியமேரி அரிசி புடைத்தபடி, "உங்க கிறுக்குக்கு மருந்தில்லீங்க" என்றாள். பிறகு சாவகாசமாக, "நானும் வரேன். சாமி காரியம்னு கூப்புடறாங்க, போகாம இருக்க முடியுமா?" என்றாள். கஸ்பாருக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷம் கூப்பிட்டும் வராதவள், அவர் கண்ணைக் கட்டிக்கொண்ட நாளாகப் பார்த்து வருகிறாள்.

வெள்ளிக்கிழமை அவர் ஆட்டுத்தடத்தில்தான் ஏறினார். தலை தொங்கியபடி இருந்தது. வழுக்குகிற இடங்களில் பாறைக்குக் குறுக்கே நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தாண்டிவிட்டார். உச்சியில் சிலுவையை நட்டார்கள், பாட்டு முடிந்தது. சனம் அப்படியே திரும்பி நின்று, ஏரியையும் மாந்தோப்பையும் பார்த்து ஆளாளுக்குக் கை நீட்டியது. கஸ்பார் மட்டும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நட்ட மரத்தின் அடியில் கல்லை இறுக்கிக்கொண்டிருந்தார்.

பாக்கியமேரி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "நம்ம வூடு எதுங்க?"

"ஈஸ்டர் கழியட்டும் மேரி. அப்பறம் கூட்டியாந்து காட்டறேன்."

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு இன்னொருக்கா என்னால ஏற முடியாதுங்க." அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கே காட்டுங்க."

கஸ்பார் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். வெறுங்காலால் பாறையைத் தடவி, தாம் வழக்கமாக உட்காரும் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதில் குதிகாலை ஊன்றித் திரும்பினார். பிறகு, சாமியாரும் சபையும் பார்த்துக்கொண்டு நிற்கையில், மனைவியின் கையைப் பிடித்துத் தூக்கி, அவளுடைய சுட்டுவிரலை நீட்டி வைத்தார்.

"மூணு பனை நிக்குதா?"

"நிக்குதுங்க."

"அதுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம்." விரலை நூலிழை அளவுக்குக் கீழே இறக்கினார். "அதை ஒட்டி."

காற்று பாக்கியமேரியின் முந்தானையை இழுத்தது. "இத்துணூண்டா இருக்குதுங்க" என்றாள், குரல் இறங்கி. "வாசல்ல நான் காயப்போட்ட சேலைகூடத் தெரியுது."

கஸ்பார் தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. விரலையும் விடவில்லை.